கிடைக்காது என்று யார் சொன்னது?

(பிள்ளைப்பாக்கத்தில் பிளஸ் டூ முடித்த மாணவர்களும் பெற்றோரும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)



நைட் ஷிப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் வந்து உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்களுக்கு முதலில் நன்றி. நீண்ட நேரம் பேச மாட்டேன்.

போன வாரம் நம் தெருத் தங்கை ஒருத்தி ஒரு பேப்பரோடு என்னிடம் வந்தாள். பொறியியல் கலந்தாய்வில் போடப்போகிற கல்லூரிகளின் பட்டியல். மொத்தம் ஏழு. ஏழுமே நம் ஊர்ப் பக்கம் காலேஜ் பஸ் வருகிற தனியார் கல்லூரிகள். அவள் எஸ்சி, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, கட் ஆஃப் 182. "கிண்டி எங்கே, எம்ஐடி எங்கே?" என்று கேட்டேன். "அதெல்லாம் நமக்கு வராதுக்கா" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். அவளால் ஒரு பேரைச் சொல்ல முடியவில்லை. யாரோ ஒருவர் சொல்லியிருந்தால் அவரோடு சண்டை போடலாம். ஊரே சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை என்ன செய்வது?

நானும் அப்படிக் கேட்டு வளர்ந்தவள்தான். நான் பிளஸ் டூ முடித்தபோது கலந்தாய்வு ஆன்லைனில் கிடையாது. அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போக வேண்டும். அப்பா சிப்காட்டில் ஒப்பந்த செக்யூரிட்டி. நைட் டியூட்டி முடித்து யூனிஃபார்மோடு அப்படியே வந்தார். வெளியே திரையில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சமூகத்துக்கு எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. கிண்டியில் ஒரு பிரிவில் எஸ்சிக்கு இடம் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் அப்பாவிடம் என்ன சமூகம் என்று விசாரித்தார். பிறகு, "அங்கெல்லாம் பாப்பா சமாளிக்காதுங்க, அரியர் வச்சு நிக்கும்" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். உள்ளே போய் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கல்லூரியைச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தக் கிண்டி இடம் எனக்குப் பின்னால் வந்த வேறு பிள்ளைக்குப் போயிருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் என் இடத்தை யாரும் பறிக்கவில்லை, நானே விட்டுவிட்டு வந்தேன் என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

இந்த "எனக்குக் கிடைக்காது" என்ற கணக்குக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதை எதிர்த்து 1950இல் இரண்டு பேர் உயர் நீதிமன்றம் போனார்கள். ஒருவர் சி.ஆர். சீனிவாசன். கிண்டிப் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர், இன்டர்மீடியட்டில் 450க்கு 369 எடுத்தவர். இன்னொருவர் செண்பகம் துரைராஜன். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை. விசாரித்ததில், பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார். உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் அரசாணையைச் செல்லாது என்றது. பெரியார் தலைமையில் தமிழ்நாடு கொந்தளித்தது. அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சராக இருந்த அதே ஆண்டில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 15(4) என்ற பிரிவு நமக்குக் கிடைத்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கிடைக்காது என்று நினைத்து அவரும் விண்ணப்பிக்கவில்லை. நம் தங்கையும் கிடைக்காது என்று நினைத்துப் பட்டியலில் எழுதவில்லை. ஒருவர் அந்த நினைப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போனார், நாடே அதைக் கேட்டது. இன்னொருத்தி அந்த நினைப்பை மனசுக்குள் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கத்துக் கல்லூரிக்குப் போகிறாள். அது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. கேட்காத இடத்தை மறுத்ததாக யாரும் பதிவு செய்வதில்லை.

அதனால் கணக்கை நாமே போடக் கற்றுக்கொள்வோம்.

கட் ஆஃப் 200க்கு. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 88, இயற்பியலில் 90, வேதியியலில் 86 என்றால் 88, 45, 43, ஆக 176. நுழைவுத்தேர்வு இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போட முடிகிறது என்றால், அது தானாக வந்ததில்லை. கோச்சிங்குக்குக் காசு கட்ட முடிந்தவர்களுக்கே நுழைவுத்தேர்வு வழிவிட்டது. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி 2006இல் சட்டம் போட்டு அதை ஒழித்தோம்.

அடுத்து, போன வருடக் கட் ஆஃப். அது போன வருடம் கடைசியாக உள்ளே போனவருடைய மதிப்பெண், அவ்வளவுதான். வினாத்தாள் எளிதாக இருந்தால் ஏறும், கடினமாக இருந்தால் இறங்கும். 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ உள்மதிப்பீடு ஆகியவற்றைக் கூட்டி மதிப்பெண் போட்டார்கள். அந்த வருடக் கட் ஆஃபை வைத்துக்கொண்டு அடுத்த வருடப் பிள்ளை தன்னை அளந்தால் என்ன ஆகும்? அதனால் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் தரவரிசையையும் சமூகத் தரவரிசையையும் எடுத்துக்கொண்டு, முந்தைய ஆண்டுகளில் அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில் எந்த ரேங்க் வரை போனது என்று பாருங்கள். ஒரு வருடம் போதாது, இரண்டு மூன்று வருடம் பாருங்கள்.

மூன்றாவது, எத்தனை கதவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 31 சதவீதப் பொதுப் போட்டி எந்தச் சாதிக்கும் எழுதி வைத்ததில்லை. ஓசி என்றால் 'அவங்க கோட்டா' என்று நம் பிள்ளைகளே நினைக்கிறார்கள். அது எல்லாருக்குமான இடம். எஸ்சி மாணவர் முதலில் அதில் போட்டியிடுகிறார். அங்கே கிடைத்தால் எஸ்சி கணக்கில் ஒரு இடமும் குறையாது. அங்கே இல்லையென்றால் 18 சதவீதம். அருந்ததியர் பிள்ளைகளுக்கு அதற்குள்ளேயே 3 சதவீதம் முன்னுரிமை. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 2021 சட்டப்படி 7.5 சதவீதம் என்ற தனிக் கதவும் உண்டு. அதில் போனால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நம் தங்கை பொதுப் பட்டியலின் கடைசி எண்ணை மட்டும் பார்த்துவிட்டு எல்லாக் கதவும் மூடியிருப்பதாக நினைத்துவிட்டாள்.

நான்காவது, இதுதான் முக்கியம். மேலே ஒரு பெரிய கல்லூரியைப் போட்டால் கீழே இருப்பது பறிபோய்விடும் என்று பயப்படுகிறார்கள். பறிபோகாது. உங்கள் முறை வரும்போது கம்ப்யூட்டர் முதல் விருப்பத்தைப் பார்க்கும். இடம் இல்லையென்றால் அப்போதே இரண்டாவதைப் பார்க்கும், பிறகு மூன்றாவது. அதற்குள் பின்னால் இருப்பவர் யாரும் உங்களை முந்த முடியாது. ஆனால் சாதாரணக் கல்லூரியை முதலில் போட்டு அது கிடைத்துவிட்டால், அதற்குக் கீழே கிண்டி இருந்தாலும் அது உங்களுக்கு வராது. எனவே எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். எட்டாது போலத் தெரிவது, எட்டக்கூடியது, உறுதியானது என்று மூன்று வகையும் பட்டியலில் இருக்கட்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம், காசு கிடையாது.

182க்குக் கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் கிண்டியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டுமா இருக்கிறது? சிவில், மைனிங், பிரிண்டிங், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் எல்லாம் இருக்கின்றன.

ஐஐடி பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே ஜேஇஇ மெயின், பிறகு அட்வான்ஸ்டு. அந்த நுழைவுத்தேர்வு நமக்கு எதிராகச் சாய்ந்த தராசு, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் எழுதியவர்கள் பட்டியலைச் சரியாகப் படியுங்கள். எஸ்சி பிரிவில் கடைசி ரேங்க் 600 என்று போட்டிருந்தால், எஸ்சி பட்டியலுக்குள் 600ஆவது என்று பொருள். பொது ரேங்க்கைப் பார்த்துவிட்டுப் பின்வாங்காதீர்கள். எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கு அங்கே கல்விக் கட்டணம் முழு விலக்கு. பிசி, எம்பிசி பிள்ளைகள் மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி சான்றிதழை அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ வாங்கியிருக்க வேண்டும். இடம் இருந்தும் சான்றிதழ் இல்லாமல் போகக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "சாய்ஸ் நாங்களே போட்டுத் தர்றோம்" என்று கல்லூரி ஆட்கள் வருவார்கள். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அவர்கள் தங்கள் கல்லூரியைத்தான் மேலே போடுவார்கள். அரசின் உதவி மையங்கள் இருக்கின்றன, அங்கே போங்கள்.

கோட்டாவில் வந்தவள் என்று உள்ளே சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். சென்னை ஐஐடியை ஆராய்ந்து அஜந்தா சுப்பிரமணியன் 2019இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சாதி வசதி எப்படித் 'தகுதி' என்று பேர் மாறிக்கொள்கிறது என்பதுதான் அதன் சாரம். அவர்களுக்குத் தாத்தா காலத்திலிருந்து வந்த வழி. நமக்குப் போராட்டத்தில் கிடைத்த வழி. இதில் வெட்கப்பட நமக்கு ஒன்றுமில்லை.

விடிகாலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ் வந்து நம் அண்ணன்களையும் அக்காக்களையும் லைனில் நிற்க ஏற்றிக்கொண்டு போகிறது. அந்த உழைப்பில் கேவலம் எதுவும் இல்லை. ஆனால் அந்த லைனை வடிவமைக்கிற மேசையில் நம் தெருப் பிள்ளை எத்தனை பேர்? அந்த மேசைக்குப் போகும் பாதையில் முதல் தடுப்பு நம் கையில் இருக்கும் பேப்பர்தான்.

அந்தத் தங்கையும் நானும் பட்டியலைத் திரும்ப எழுதினோம். இப்போது முப்பதுக்கு மேல் இருக்கிறது, முதல் வரியில் கிண்டி. கிடைக்குமா என்று எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனால் இந்த முறை அதைச் சொல்லப்போவது ஒதுக்கீட்டு ஆணை, ஊர் இல்லை.

உங்கள் பட்டியலையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். லாக் பண்ணுவதற்கு முன்னால் வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து எழுதுவோம்.