காது வெட்டிய நாயும் நாலு ஊசியும்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. தீர்மானப் புத்தகம் எழுதித்தான் பழக்கம். "உன் வேலையைப் பத்தி பத்து நிமிஷம் பேசு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யும் நாய் இனக்கட்டுப்பாட்டு மையத்தில் நான் உதவியாளராக இருக்கேன். என்னை "நாய்க்காரம்மா"ன்னு கூப்பிடுறவங்க இந்தக் கூட்டத்திலேயே இருக்கீங்க. கோபமில்லை.

காலையில் வண்டி வந்ததும், எந்தத் தெருவில், எந்தக் கடை வாசலில் பிடித்த நாய் என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதணும். நம்ம கடன் பேரேடு மாதிரிதான். ஒரு வரி தப்பினாலும் யாரோ ஒருத்தர் தலையில் விடியும். பிடித்த இடத்திலேயே திரும்ப விடணும் என்பது விதி. கொரட்டூர் நாயை பாடியில் விட்டால் அங்கே இருக்கிற நாய்கள் சேர்த்துக்காது. சண்டை வரும். மிரண்ட நாய் ஆளைக் கடிக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின ராத்திரி தீனி கிடையாது. முடிந்த பிறகு குறைந்தது நாலு நாள் கூண்டில் வைத்துப் பார்க்கணும். தையல் பிரிஞ்சிருக்கா, வீங்கியிருக்கா, சாப்பிட்டுச்சா என்று கூண்டு கூண்டாகக் குனிந்து பார்ப்பது என் வேலை. கூண்டு கழுவுவதற்கும் ஒரு முறை இருக்கு. முதலில் மலத்தை அள்ளணும், பிறகு சோப்புத் தண்ணி, அதுக்கப்புறம்தான் பிளீச்சிங் பவுடர் கரைசல். அழுக்கு மேலேயே பவுடரைக் கொட்டினால் கிருமி சாகாது. குட்டிகளுக்கு ரத்தபேதி வர வைக்கிற பார்வோ கிருமி ஒரு கூண்டிலிருந்து அடுத்த கூண்டுக்குத் தாவிடும்.

"இவ்வளவு செலவு எதுக்கு? பழைய காலம் மாதிரி கொன்னு போட்டா என்ன?" என்று கேட்கிறவங்க உண்டு. நம்ம சென்னையிலேயே அதைத்தான் செய்தாங்க. நூறு வருஷத்துக்கும் மேலே மாநகராட்சி நாய்களைக் கொன்றது. கடைசிக் காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக்கூடக் கொன்றார்கள். நாய் குறையவும் இல்லை, வெறிநோய் ஒழியவும் இல்லை. ஒரு தெருவைக் காலி செய்தால் அடுத்த தெரு நாய் வந்து குடியேறும். பொட்டை நாய் ரெண்டு மாசம்தான் சினை. வருஷத்துக்கு ரெண்டு முறைகூட ஈனும். உஷா சுந்தரமும் அவர் கணவர் கேப்டன் சுந்தரமும் 1959-ல் இங்கே புளூ கிராஸைத் தொடங்கினாங்க. கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடலாம் என்று 1964-லிருந்தே அந்த அமைப்பு சொல்லிக்கிட்டிருந்தது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது 1996-ல். 2001-ல் அதுவே நாடு முழுமைக்கும் விதியானது. 2023-ல் புது விதிகள் வந்தன. இந்த விதிகளுக்கெல்லாம் அடிப்படையான 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் முதலில் குரல் கொடுத்ததும் ஒரு பெண்தான், நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன். இது என் தப்பு. அதனால் நானே சொல்றேன்.

போன வருஷம் ஆடி மாசம், எங்க தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றின ஞாயிற்றுக்கிழமை. பந்தலுக்குப் பின்னாடி எச்சில் இலை குவிஞ்சு கிடந்தது. நாய் ஒன்று அதைத் தின்னுக்கிட்டிருந்தது. எங்க குழு அக்கா ஒருத்தரின் பேரன், ஏழு வயசு, பந்தை எடுக்க அங்கே ஓடினான். நாய் கெண்டைக்காலில் கடிச்சிடுச்சு. ரெண்டு பல் பதிஞ்சு ரத்தம் எட்டிப் பார்த்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பூசிட்டு, அந்த அக்கா என்கிட்ட ஓடி வந்தாங்க.

நான் நாயைப் பார்த்தேன். காதில் வெட்டு இருந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானே சீட்டு எழுதின நாய். "காது வெட்டின நாய்தாங்கா. ஊசி போட்டிருக்கு. ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மையத்து டாக்டரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "ரத்தம் வந்துச்சா?" என்றார். "வந்துச்சு." "ஊசி போட்டாங்களா?" "இல்லை சார், நான்தான் வேண்டாம்னு..." எனக்கு மேலே பேச்சு வரலை.

காது வெட்டு என்றால் ஒரு முறை கருத்தடை ஆகி, அப்போது ஒரு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாச்சு என்று அர்த்தம். அந்த ஊசியை வருஷாவருஷம் திரும்பப் போடணும். போட்டாங்களா என்று காதைப் பார்த்துச் சொல்ல முடியாது. எனக்கு அது தெரியும். தெரிஞ்சும், என் வேலை மேல இருந்த பெருமையில் வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். ரேபிஸ் வந்துவிட்டால் மருந்து கிடையாது, சகோதரிகளே. அறிகுறி தெரிஞ்ச பிறகு பிழைச்சவங்க கிட்டத்தட்ட யாருமே இல்லை.

ஆட்டோ பிடிச்சு ஓடினேன். பையன் பள்ளிக்கூடம் போயிருந்தான். வகுப்பிலிருந்து கூட்டிக்கிட்டு அரசு சுகாதார நிலையத்துக்குப் போனோம். மஞ்சளையும் சுண்ணாம்பையும் கழுவி எடுத்தாங்க. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், கையில் தடுப்பூசியும் போட்டாங்க. அன்னைக்கு ஒன்று, மூணாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள். நாயைப் பத்து நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். நல்லாத்தான் இருந்தது. இருந்தாலும் ஊசியை நிறுத்தலை.

தெருவே என்கிட்ட சண்டைக்கு வந்தது. "அந்த நாயை எங்கேயாவது தூரமா விட்டுடு"ன்னாங்க. மாட்டேன்னு சொன்னேன். வாயில்லா ஜீவன் என்பதற்காக மட்டும் சொல்லலை. வேற ஊர்ப் பிள்ளைங்களும் பிள்ளைங்கதானே. அந்த அக்கா ரெண்டு கூட்டத்துக்கு என் பக்கத்தில் உட்காரலை. இருபத்தெட்டாம் நாள் காலையில் மட்டும் வாசலில் வந்து நின்னு, "கடைசி ஊசி இன்னைக்கு. வரியா?"ன்னு கேட்டாங்க. போனேன்.

அந்த நாய்க்கு மறுபடி ஊசி போட்டாச்சு. அது எங்க தெருவில்தான் இருக்கு. பந்தல் போட்டால் எச்சில் இலையை அன்னைக்கே அள்ளணும் என்று எங்க குழுவில் தீர்மானமும் எழுதியிருக்கோம்.

2024 கணக்கெடுப்பில் சென்னை மாநகராட்சியில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேலே தெருநாய். அதிலும் அம்பத்தூர் மண்டலத்தில்தான் அதிகம், கிட்டத்தட்ட 24 ஆயிரம். ஒரு பகுதியில் நூற்றுக்கு எழுபது நாய்க்காவது ஊசி இருந்தால்தான் நோய் பரவுவது நிற்கும். 2025 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றமும் டெல்லி வழக்கில் இதே வழியைத்தான் சொன்னது: கருத்தடை செய்து, ஊசி போட்டு, அதே இடத்தில் விடணும். வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் மட்டும் வெளியே விடக்கூடாது.

அதனால் ஒவ்வொரு குழுவும் மூணு காரியம் செய்யணும்னு கேட்டுக்கறேன். உங்க தெரு நாய்களை ஒரு நோட்டில் எழுதுங்க: காது வெட்டினது எத்தனை, வெட்டாதது எத்தனை, குட்டி போட்டது எது. சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறவங்க 1913-க்குச் சொல்லுங்க. ஆவடி, பூந்தமல்லிக்காரங்க உங்க மாநகராட்சி, நகராட்சி அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்க. கோழிக்கடை, மண்டபம், பந்தல் கழிவு தெருவில் விழாமல் பாருங்க.

மூணாவதுதான் முக்கியம். நாய் கடிச்சா, காது வெட்டினதோ, வீட்டு நாயோ, குட்டியோ, சின்னக் கீறலோ, எதுவானாலும் சரி. ஓடுற தண்ணியில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்காதீங்க. அன்னைக்கே அரசு சுகாதார நிலையத்துக்குப் போங்க. ஊசி இலவசம். ஒரு ஊசியைக்கூட விடாமல் போடுங்க. "நாய்க்காரம்மாவே ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னாங்க"ன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க.