கருங்கல் காட்டிய நேரம்



ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயரத்தில் ஒரு சூரியக் கடிகாரம் நிற்கிறது. அதன் நிழல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நகரும். நேரம் ஊர்ந்துபோவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நேரத்தைக் கணிக்க உதவிய ஒரு கல் நம் தமிழ் மண்ணிலும் உண்டு. பெங்களூரில் நீலசந்திராவுக்குப் பக்கத்திலே, கோரமங்களாவில் இந்திய வானியற்பியல் நிலையம் இருக்கிறதல்லவா? அதன் வேர் சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. 1792இல் அங்கே எழுந்த வானாய்வகத்தில், தொலைநோக்கியைத் தாங்க சுமார் 10 டன் எடையுள்ள கருங்கல் தூணை நட்டார்கள்.

ஏன் கருங்கல்? கருவி மயிரிழை அசைந்தாலும், விண்மீன் உச்சிக்கோட்டைக் கடக்கும் நொடி தவறிப்போகும். அந்த நொடியை வைத்துத்தான் சென்னை நேரத்தைக் கணித்தார்கள். பிற்பாடு இந்திய ரயில்களே அந்த நேரத்துக்கு ஓடின.

தூணின் மேல் தமிழ் எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்து வருகிறவர்களும் இந்த அறிவியல் பணியை அறிய வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். தூண் இன்றும் நுங்கம்பாக்கத்தில், வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது.

கோரமங்களா வழியே போகும்போது, பிள்ளைகளுக்கு இந்தத் தூணின் கதையைச் சொல்லுங்கள்.