டௌ சீட்டி: சூரியன் மாதிரி இருந்தா போதுமா?

இன்னைக்கு ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பத்திப் பேசப் போறோம். பேரு டௌ சீட்டி. ஆண்டி வியர் எழுதின ‘ப்ராஜெக்ட் ஹெயில் மேரி’ நாவலைப் படிச்சவங்களுக்கு இந்தப் பேரு பழக்கமா இருக்கும். கதாநாயகன் விண்கலத்துல போய்ச் சேருற இடம் அதுதான். அது கதை. ஆனா நிஜ டௌ சீட்டியைப் பத்தித் தேடினாலும் ‘இரண்டாவது பூமி’ ரேஞ்சுக்குத் தலைப்புகள் வந்து விழும். அந்தத் தலைப்புக்குப் பின்னாடி இருக்கிற டேட்டா எவ்வளவு தாங்கும்னு பார்க்குறதுதான் இன்னைக்கு நம்ம வேலை.

முதல்ல அடிப்படை விவரங்கள். இது நம்மகிட்ட இருந்து 11.9 ஒளியாண்டு தூரத்துல இருக்கு. இதைவிடப் பக்கத்துலயே சூரியன் வகை நட்சத்திரம் ஒண்ணு உண்டு, ஆல்ஃபா சென்டாரி ஏ. ஆனா அதுக்கு ஜோடி இருக்கு. ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்துது. தனியா நிக்கிற ஜி வகை நட்சத்திரங்களை மட்டும் எடுத்தா, சூரியனுக்கு அடுத்து நமக்கு ரொம்பப் பக்கம் டௌ சீட்டிதான்.

சரி, ‘சூரியன் மாதிரி’ன்னா எந்த அளவுக்கு மாதிரி? நிறை சூரியனோட நிறையில் சுமார் 78 சதவீதம். விட்டம் கிட்டத்தட்ட 80 சதவீதம். ஆனா வெளிச்சம் பாதிதான். நிறை கொஞ்சம் குறைஞ்சாலே நட்சத்திரத்தோட வெளிச்சம் மடமடன்னு இறங்கிடும், அதனாலதான் இப்படி. இரும்பு மாதிரி கனமான தனிமங்கள் சூரியன்ல இருக்கிறதுல மூணுல ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கு. பாறைக் கோள்கள் உருவாக இந்தத் தனிமங்கள்தான் மூலப்பொருள். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நம்ம சூரியக் குடும்பத்தோட ஓரத்துல கைப்பர் பட்டைன்னு பனியும் பாறையுமா ஒரு வளையம் இருக்கு இல்லையா, அந்த மாதிரி ஒரு பட்டை அங்கேயும் இருக்கு. அதுல இருக்கிற பொருள் நம்ம பட்டையைவிடப் பத்து மடங்குக்கு மேலன்னு 2004-ல் கண்டுபிடிச்சாங்க. அங்க ஒரு கோள் இருந்தா, அதுமேல வால்நட்சத்திரங்கள் மோதுறது சகஜமா இருக்கலாம்.

இந்த நட்சத்திரத்தை மனுஷங்க கவனிக்க ஆரம்பிச்சது நேத்து இல்லை. 1960-ல் ஃபிராங்க் டிரேக், அமெரிக்காவில் கிரீன் பேங்க்ல இருந்த 26 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியை இதை நோக்கித் திருப்பினார். ‘ப்ராஜெக்ட் ஆஸ்மா’ன்னு பேரு. வேற்றுலக சிக்னலைத் தேடின முதல் நவீன முயற்சி அது. தேர்ந்தெடுத்தது ரெண்டே நட்சத்திரம், அதுல ஒண்ணு டௌ சீட்டி. ஹைட்ரஜனோட 1420 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கேட்டுப் பார்த்தார். ஒண்ணும் வரலை.

இப்ப கோள்கள் விஷயத்துக்கு வருவோம். 2017-ல் ஒரு ஆய்வுக் குழு நாலு கோள்கள் இருக்கலாம்னு அறிவிச்சது. நேரடியா யாரும் பார்க்கலை. ஒரு கோள் சுத்தும்போது நட்சத்திரமும் லேசா ஆடும். நம்ம பக்கம் கொஞ்சம் வரும், கொஞ்சம் போகும். அந்த வேகத்தை ஒளியோட நிறமாலையில் அளக்கலாம். வியாழனால நம்ம சூரியன் ஆடுற வேகம் நொடிக்கு 12 மீட்டருக்கு மேல. டௌ சீட்டியில சொல்லப்பட்ட ஆட்டம் நொடிக்கு 30-லிருந்து 55 சென்டிமீட்டர். நாம சாதாரணமா நடக்குற வேகத்துல பாதிகூட இல்லை. அந்த நட்சத்திரத்தோட மேற்பரப்பே சதா கொதிச்சுக்கிட்டு இருக்கு. அந்தக் கொதிப்புக்கு நடுவுல இந்தச் சின்ன ஆட்டத்தைப் பிரிச்செடுக்கணும். சாஃப்ட்வேர் ஆளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, கோடிக்கணக்கான வரி லாக்ல, நிச்சயம் இருக்கான்னே தெரியாத ஒரு பேட்டர்னைத் தேடுற வேலை.

நாலுல ஈ, எஃப்னு ரெண்டு கோள்களைத்தான் ‘உயிர் வாழ ஏற்ற மண்டலம்’னு செய்திகள் எழுதின. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஈ கோள் நட்சத்திரத்துல இருந்து பூமி–சூரியன் தூரத்துல 0.54 மடங்கு தள்ளி இருக்கணும். வெளிச்சம் பாதி, தூரத்தோட வர்க்கத்தால வகுத்தா, பூமிக்குக் கிடைக்கிறதைப் போல சுமார் 1.7 மடங்கு. வெள்ளிக்குக் கிடைக்கிறது 1.9 மடங்கு. எஃப் கோள் 1.33 மடங்கு தள்ளி. அதுக்குக் கிடைக்கிறது 0.28 மடங்கு, செவ்வாயைவிடக் குறைவு. ஒண்ணு வெள்ளிக்குக் கிட்ட, இன்னொண்ணு செவ்வாயைத் தாண்டி. இந்தக் கணக்கை மொபைல் கால்குலேட்டர்லயே போட்டுடலாம்.

ஆனா உண்மையான சிக்கல் கோணத்துல இருக்கு. ஓடுற சீலிங் ஃபேனுக்கு நேர் கீழே படுத்துப் பாருங்க. இறக்கை எவ்வளவு வேகமாச் சுத்தினாலும் உங்களை நோக்கி வராது, விலகியும் போகாது. நாற்காலிமேல ஏறி நின்னு பக்கவாட்டுல பார்த்தாதான் வரதும் போறதும் தெரியும். நட்சத்திர ஆட்டமும் அப்படித்தான். நேர் கீழ இருந்து பார்க்குறோம்னா, நாம அளந்தது நிஜ ஆட்டத்தோட ஒரு துணுக்குதான். அதனாலதான் இந்த முறையில் கிடைக்கிறதை ‘குறைந்தபட்ச நிறை’ன்னு சொல்றாங்க. ஈ, எஃப் ரெண்டுக்கும் அது பூமியைப் போல சுமார் 4 மடங்கு.

2014-ல் ஹெர்ஷெல் விண்வெளித் தொலைநோக்கி படங்களை வெச்சுப் பார்த்தப்போ, அந்தத் தூசிப் பட்டையோட சாய்வு சுமார் 35 டிகிரின்னு வந்தது. கோள்களும் அதே தளத்துல சுத்தினா நிறை சுமார் 7 பூமி. 2023-ல் நட்சத்திரத்தோட சுழற்சி அச்சையே அளந்தாங்க. அது நம்மை நோக்கிக் கிட்டத்தட்ட நேரா இருக்கு. சாய்வு வெறும் 7 டிகிரி, பிழை வரம்பும் 7 டிகிரி. கோள்கள் அதோட நடுக்கோட்டுத் தளத்துல சுத்தினா நிறை 30 பூமியைத் தாண்டிடும். நெப்டியூனே 17 பூமிதான். அப்ப ‘இரண்டாவது பூமி’ எங்க போச்சு? ஒரே டேட்டா, கோணம் மாறினதும் பாறைக் கோள் வாயுக் கோளா மாறிடுது. கோள் இருக்குங்கிறதே இன்னும் உறுதியாகாத நிலையில்.

இதைச் சொல்றது உற்சாகத்தைக் கெடுக்க இல்லை. டௌ சீட்டி ரொம்ப அமைதியான நட்சத்திரம், பக்கத்துலயும் இருக்கு. அதனாலதான் கருவிகளைச் சோதிக்க அதையே திரும்பத் திரும்பப் பார்க்குறாங்க. இவ்வளவு வசதியான இடத்துலயே விடை இழுபறியா இருக்குன்னா, நூறு ஒளியாண்டுக்கு அப்பால் ‘பூமி மாதிரி’ன்னு அடுத்த தலைப்பு வரும்போது ரெண்டு கேள்வி கேளுங்க: நிறை குறைந்தபட்சமா, நிஜமா? கிடைக்கிற வெளிச்சம் எவ்வளவு?

இதை வெறுங்கண்ணாலயே பார்க்கலாம். டிசம்பர் தொடக்கத்துல ராத்திரி ஒன்பது மணிக்கு, நகர வெளிச்சம் இல்லாத இடத்துல தெற்குப் பக்கம் நல்லா அண்ணாந்து பாருங்க. திமிங்கல விண்மீன் குழுவுல பளிச்சுன்னு தெரியுறது பீட்டா சீட்டி. கையை நீட்டிப் பிடிச்சா, அதுக்குக் கிழக்கே ஒன்றரை முஷ்டி தூரத்துல மங்கலா ஒரு புள்ளி தெரியும். அதுதான் டௌ சீட்டி. ஸ்கை மேப் ஆப் இருந்தா சரிபார்த்துக்கோங்க. பார்த்துட்டு எனக்கு எழுதுங்க.