முகத்துவாரம் தாண்டும் முன்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வருடம் வரை நம் வளாகத்தில் படகு என்றால் சுண்ணாம்பாறு படகுக் குழாமில் டிக்கெட் எடுத்து ஏறுவதுதான். இப்போது மூன்று குடும்பங்கள் சொந்தமாக மோட்டார் படகு வாங்கிவிட்டீர்கள். இன்னும் இரண்டு பேர் பங்கு போட்டு வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று லிஃப்டில் கேள்விப்பட்டேன். சந்தோஷம். படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பேச்சு இல்லை. "வாங்க சார், ஞாயிற்றுக்கிழமை ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்" என்று கூப்பிட்டால் குழந்தைகளோடு ஏறப்போகிறவர்களும் கேட்க வேண்டும்.

நான் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவன். அந்த அனுபவம் சின்னப் படகில் பாதிக்குத்தான் உதவும். மீதியை நான் கற்றுக்கொண்டது தேங்காய்த்திட்டில் ஃபைபர் படகு ஓட்டும் மீனவர்களிடம்.

புதிதாகப் படகு வாங்கியவர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பயம் எப்போ சார் போகும்?" பயம் போக வேண்டாம் என்பது என் கட்சி. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். நடுக்கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. உண்மையில் பயப்பட வேண்டிய இடம் அரியாங்குப்பம் ஆறு கடலில் சேரும் அந்த வாய்தான்.

முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கல் கொட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்மேற்குப் பருவத்தில் நீரோட்டம் மணலை வடக்கே தள்ளுகிறது, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளுகிறது. போகிற வழியில் வாயில் மணல் சேர்ந்துவிடும். தூர் வாருவார்கள், மறுபடி சேரும். அதனால் போன மாதம் ஆழமாக இருந்த இடம் இந்த மாதம் இடுப்பளவுத் தண்ணீராக இருக்கலாம். கையில் உள்ள ஜி.பி.எஸ். வரைபடம் இதைச் சொல்லாது. அன்று காலையில் வெளியே போய்வந்த படகுக்காரர் சொல்வார். "அண்ணே, வாய் எப்படி இருக்கு? எந்தப் பக்கம் ஒட்டிப் போறது?" என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

மணல்மேடு இருக்கும் இடத்தில் அலை உடையும். ஆற்றுத் தண்ணீர் வெளியே இறங்கும் நேரத்தில் எதிரே கடல் அலை வந்தால், அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். நம் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டருக்குள்தான். இருந்தாலும் வாய் குறுகலாக இருப்பதால் இறங்கும் தண்ணீருக்கு வேகம் உண்டு. மழைக்குப் பிறகு இன்னும் மோசம், ஆகாயத்தாமரையும் கட்டையும் சேர்ந்து வரும். ஆகவே வெளியே போகும் முன் படகை உள்ளேயே நிறுத்திப் பத்து நிமிடம் அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். அந்த ஓய்வில்தான் போக வேண்டும்.

திரும்பி வருவது இன்னும் கஷ்டம். வெளியிலிருந்து பார்த்தால் அலையின் முதுகு மட்டும்தான் தெரியும், அது சாதுவாகத்தான் இருக்கும். மறுபக்கம் உடைவது கண்ணில் படாது. ஓர் அலையின் முதுகில் பின்தொடர்ந்து, அதன் வேகத்துக்கே உங்கள் வேகத்தை வைத்து உள்ளே வாருங்கள். அவசரப்பட்டு அதன் தலையைத் தாண்டினால் மூக்கு கீழே குத்தும். பின்தங்கினால் அடுத்த அலை பின்னால் ஏறும். நடுவில் மனம் மாறித் திருப்பக் கூடாது. அலைக்குக் குறுக்கே நிற்கும் படகுதான் கவிழ்கிறது. வாய் சரியில்லை என்றால் வெளியிலேயே காத்திருங்கள். காத்திருக்க எண்ணெய் வேண்டும், குடிநீர் வேண்டும். ஆகவே மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 15 லிட்டர் குடிக்கும். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. காலையில் மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது கரையோரம் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். புதியவர்களுக்கு இதைவிட ஏமாற்றும் நாள் இல்லை. காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகிறது. இன்ஜின் நின்றால் படகும் அந்தப் பக்கமே போகும். வெளியே போகப் போக அலையும் பெரிதாகும். கோடையில் மதியத்துக்கு மேல் காற்று கடலிலிருந்து திரும்பும், அலை குத்தும், ஆனால் அது கரைப்பக்கம்தான் தள்ளும். எனவே கச்சான் பலமாக உள்ள நாளில் புதியவர்கள் போக வேண்டாம். மற்ற நாட்களில் விடியலில் போய்ப் பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை படகைக் கழுவித் துடைத்துக் கயிறு மாற்றும் காலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் தினமும் கடல்நிலை முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதில் அலையின் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். இரண்டு அலைகளுக்கு இடையே எத்தனை விநாடி என்றும் இருக்கும். 14, 15 விநாடி என்று வந்தால் எங்கோ தூரத்தில் புயலில் பிறந்த அலை என்று பொருள். கன்னியாகுமரிப் பக்கம் கள்ளக்கடல் என்பார்களே, அந்த இனம். நடுக்கடலில் தொட்டில் மாதிரி ஆட்டும், முகத்துவாரத்தில் சுவர் மாதிரி எழும்பும்.

நம் சி பிளாக் நண்பர் ஒருவருக்குப் போன பிப்ரவரியில் நடந்ததை அவர் அனுமதியோடு சொல்கிறேன். கரையிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் இன்ஜின் விக்கி விக்கி நின்றுவிட்டது. பெட்ரோலில் தண்ணீர். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். படகுத் தொட்டியில் வாரக்கணக்கில் கிடந்தால் தண்ணீர் அடியில் பிரிந்து நிற்கும். காற்று மேற்கிலிருந்து. படகில் அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள். ஆனால் அவர் இன்ஜினைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் நங்கூரத்தைப் போட்டார். எத்தனை பேருக்கு இது தோன்றும்? நான் கப்பலில் பார்த்தவரை, இன்ஜின் நின்றதும் எல்லோர் கையும் இன்ஜினுக்குத்தான் போகும். அந்த நேரத்தில் படகு அரை கிலோமீட்டர் போயிருக்கும். கயிறு நீளமாக இருந்ததால் நங்கூரம் பிடித்தது. 12 மீட்டர் ஆழத்துக்கு 60 மீட்டர் கயிறாவது விட வேண்டும், நேராகத் தொங்கினால் பிடிக்காது. ஒரு மணி நேரத்தில் வலை எடுத்துத் திரும்பிய ஃபைபர் படகு ஒன்று கட்டி இழுத்து வந்தது. எண்ணெய்க் காசு மட்டும் வாங்கிக்கொண்டார்கள், அதுவும் வற்புறுத்திக் கொடுத்த பிறகு.

இதைச் சொல்லும்போது ஒன்று கேட்கிறேன். அவர்கள் வலை மேல் நாம் எப்படி ஓட்டுகிறோம்? மிதவையோ கழியில் கட்டிய கொடியோ தெரிந்தால் வேகத்தைக் குறைத்து, அந்தப் படகுக்காரர் கை காட்டும் பக்கமாகச் சுற்றிப் போங்கள். மீன்பிடிக்கும் படகுக்கு மோட்டார் படகு வழிவிட வேண்டும் என்பது உலகம் முழுவதும் உள்ள கடல்விதி. புரொப்பெல்லரில் வலை சுற்றிக்கொண்டால் இன்ஜினை நிறுத்தித் தூக்கிப் பொறுமையாக எடுங்கள். கத்தி கடைசியில்தான். அறுத்தால் ஈடு கொடுத்துவிட்டு வாருங்கள். ஆபத்தில் முதலில் வந்து நிற்கப்போவது அவர்கள்தான்.

இன்ஜின் விஷயம் சுருக்கமாக. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நூல் மாதிரி தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் குளிர்விக்கும் நீர் ஏறவில்லை, பிளாஸ்டிக் பை அடைத்திருக்கலாம், உடனே நிறுத்துங்கள். எண்ணெய்க் குழாயில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். பதிவு, இன்சூரன்ஸ் வேலைகளைத் துறைமுகத் துறையில் கேட்டு முடித்துவிடுங்கள்.

கில் ஸ்விட்ச் கயிறு ஓட்டுபவர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். அவர் விழுந்தால் இன்ஜின் தானாக நிற்கும். மாட்டாவிட்டால் ஆள் இல்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே வரும். லைஃப் ஜாக்கெட்டைச் சீட்டுக்கு அடியில் வைப்பதும் வீட்டில் வைப்பதும் ஒன்றுதான். குழந்தைகளுக்கு அவர்கள் அளவில், கால் இடுக்கு வார் உள்ளதாக வாங்குங்கள், இல்லையென்றால் தண்ணீரில் தலைக்கு மேல் கழன்றுவிடும்.

கடலில் விழுவது ஓட்டுநராகவே இருந்தால்? மாரடைப்பும் கரையில்தான் வரும் என்று எழுதி வைக்கவில்லை. ஆகவே படகில் இன்னொருவருக்குக் குறைந்தது நான்கு விஷயம் தெரிய வேண்டும்: இன்ஜினை நிறுத்த, மறுபடி ஸ்டார்ட் செய்ய, நங்கூரம் போட, உதவி கேட்க. கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரக் காவல் போலீஸுக்கு 1093. போன் தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும். திசை தெரியாமல் போனால் திசைகாட்டியில் மேற்கே பார்த்து வந்தால் நம் கரை தவறாது. மனைவியோ மகளோ ஓட்டப் பழகும்போது பக்கத்தில் நின்று கத்தாதீர்கள். பல வீடுகளில் படகுப் பயிற்சி நின்றுபோவது இந்த ஒரு காரணத்தால்தான்.

முதல் ஐந்தாறு முறை ஆற்றுக்குள்ளேயே ஓட்டுங்கள். காற்று அடிக்கும்போது துறையில் இடிக்காமல் ஒட்டுவது, பின்னால் எடுப்பது, நின்ற இடத்தில் நிறுத்துவது. பிறகு ஓர் இளநீரைத் தண்ணீரில் போட்டுவிட்டு, அது ஆள் என்று நினைத்து எடுத்துப் பாருங்கள். விழுந்த பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும், அப்போதுதான் புரொப்பெல்லர் விலகும். ஒருவர் கண் எடுக்காமல் விரலை நீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காற்றுக்கு எதிராக மெதுவாக வந்து, கை எட்டும் தூரத்தில் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். முதல் தடவை இளநீர் எங்கே போனது என்றே தெரியாது. பத்துத் தடவை எடுத்தவர் முகத்துவாரத்துக்கு வரலாம், அதுவும் முதல் முறை ஒரு மீனவ நண்பரைக் கூலி கொடுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து.

வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்கு மூன்று படகுகளும் ஆற்றில் பயிற்சிக்கு இறங்குகின்றன. ஓட்டுபவரோடு இன்னொருவரும் வர வேண்டும். ஜாக்கெட் இல்லாதவரை ஏற்றப்போவதில்லை. இளநீர் நான் வாங்கி வருகிறேன்.