வெளுத்த பம்பர்

வெயிலிலேயே நிற்கும் காரைக் கவனியுங்கள். பெயின்ட் பளபளக்கும், பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். விரலால் தேய்த்தால் வெள்ளைப்பொடி ஒட்டும். அது அழுக்கல்ல. பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன்தான் அந்த பிளாஸ்டிக். அதன் மேற்பரப்பைப் புற ஊதாக் கதிர் சிதைத்துவிட்டது.

இதற்குச் சிலர் தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்! இரண்டு நாள் மின்னும். பிறகு தூசியெல்லாம் அதில்தான் அப்பும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினால் கறுப்பு திரும்பும், உண்மைதான். ஆனால் நீடிக்காது, கை தவறினால் பிளாஸ்டிக் உருகிவிடும்.

அதற்குப் பதில், ஷாம்பூ போட்டு, பழைய டூத் பிரஷால் சொரசொரப்பான பள்ளங்களைத் தேய்த்துக் கழுவுங்கள். இந்த வேலைதான் முக்கால் பங்கு. ஈரம் முழுக்கக் காய்ந்ததும், பெயின்ட் ஓரத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நிழலில் வைத்து பிளாஸ்டிக்கின் கறுப்பை மீட்கும் 'டிரிம் ரெஸ்டோரரை' மெல்லிசாகத் தடவுங்கள். மிச்சத்தை உடனே துடைத்துவிடுங்கள். அடுத்த முறை பாலிஷ் போடும்போது வாக்ஸ் இந்த பிளாஸ்டிக்கில் படக் கூடாது. பள்ளத்தில் வெள்ளையாக உறைந்துகொள்ளும்.