நாற்பத்திரண்டு வருடம் கழித்துப் போன சுற்றுலா

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



பயண அனுபவம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "பதினஞ்சு நிமிஷம்தான் அண்ணாச்சி" என்று செயலாளர் இரண்டு தடவை எச்சரித்தும் விட்டார். எனக்கு முன்னால் பேசியவர் சுவிட்சர்லாந்தைப் பற்றிப் பேசினார். நான் போனது மாப்பிள்ளையூரணியிலிருந்து கொடைக்கானல். அதனால் யாரும் பெரிதாக எதிர்பார்த்துவிடாதீர்கள். பத்து நாள், ஒரு பழைய மாருதி 800, அதில் நான் ஒரே ஆள். மீட்டரில் ஏறத்தாழ 900 கிலோமீட்டர்.

கதை 1983-ல் ஆரம்பிக்கிறது. அப்போது நான் இங்கே பி.எஸ்.சி. இரண்டாம் ஆண்டு. கொடைக்கானல் சுற்றுலாவுக்கு ஆளுக்கு அறுபது ரூபாய் கேட்டார்கள். எங்க அப்பா உப்பளத்தில் கூலி வேலை. அந்த வருஷம் மழை முந்திப் பெய்து பாத்தியெல்லாம் கரைந்து கிடந்தது. மழை பெய்தால் ஊரெல்லாம் சந்தோஷப்படும், உப்பளத்துக்காரன் வீட்டில் மட்டும் அடுப்பு எரியாது. அறுபது ரூபாய் என்று வாயைத் திறக்கவே எனக்கு மனசு வரவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி நின்றுவிட்டேன். போய் வந்த நண்பர்கள் ஏரிக்கரையில் எடுத்த குழுப்படத்தில் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். பின்னால், "இதில் நீ மட்டும் இல்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவர் இந்த அவையில் முன் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன்.

அந்தப் படத்தை நாற்பது வருஷம் வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணி. நானும் வீட்டுக்காரியும் மூணு நாள் மொட்டை மாடியில் இருந்தோம். தண்ணி வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் பத்திரம், சான்றிதழ், கல்யாண ஆல்பம் எல்லாம் கூழ். அந்தப் படமும் போய்விட்டது. கல்யாண ஆல்பத்துக்கு அவள் அழுதாள். நான் எதற்கு அழுதேன் என்று அவளிடம் சொல்லவில்லை.

கொடைக்கானலைப் போய்ப் பார்த்தே தீர வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. அதோடு இன்னொன்றும். எங்க ஊர்ப் பேரிலேயே ஒரு ஊரணி இருக்கிறது. ஆனால் நாங்கள் குடிக்கிறதோ வல்லநாட்டுப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணி. அது எங்கிருந்து புறப்படுகிறது என்று அறுபது வயது வரைக்கும் நான் போய்ப் பார்த்ததில்லை. சரி, மலை ஓரமாகவே தெற்கிலிருந்து வடக்கே போய் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று திட்டம் போட்டேன்.

கூட வருவதாக நாலு பேர் சத்தியம் செய்தார்கள். ஒருத்தருக்கு மகன் கல்யாணம். ஒருத்தருக்குச் சர்க்கரை. ஒருத்தர் மனைவி அனுமதிக்கவில்லை. நாலாமவர் காலமாகிவிட்டார், அவர்தான் உண்மையிலேயே வந்திருப்பார். கடைசியில் தனியாகவே கிளம்பினேன். "தினம் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரணும். வரலேன்னா நான் மகன்கிட்ட சொல்லிருவேன்" என்று வீட்டுக்காரி நிபந்தனை போட்டாள். இந்த ஆறு மணியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரி 16, மாட்டுப் பொங்கல் முடிந்த மறுநாள். முதல் நாள் காரையாறு. பாபநாசத்துச் சோதனைச் சாவடியில் பெரிய வரிசை. அதற்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், நினைத்த நேரத்துக்குப் போய் வர முடியாது. சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு அணைக்குப் போனேன். மூணு பக்கமும் மலை, நடுவில் அசையாத தண்ணி. இயற்கை என்று வாயைப் பிளந்து நின்றுகொண்டிருந்த பிறகுதான் உறைத்தது, நான் நிற்பதே 1940-களில் கட்டிய சுவர் மேலே என்று. அந்தச் சுவர் இல்லையென்றால் அங்கே ஏரி கிடையாது, ஆறுதான். கடல் தண்ணியை வரப்பு கட்டி நிறுத்துகிற ஊர்க்காரன் நான். எனக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

தென்காசி, ராஜபாளையம் வழியாக இரண்டாம் நாள் முழுக்க வண்டிதான் ஓட்டினேன். மேற்கே மலை கூடவே வருகிறது. தனியாக ஓட்டும்போது ஒரு சௌகரியம், டீக்கடையில் நினைத்த நேரம் நிற்கலாம். ஒரு சங்கடம், "அந்தா பாரு" என்று சொல்ல ஆள் இல்லை. நான் இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்னேன்.

மூன்றாம் நாள் கம்பம் தாண்டி லோயர் கேம்ப். பென்னிகுயிக் மணிமண்டபத்தில் மாலையெல்லாம் வாடிக் கிடந்தது. ஜனவரி 15 அவர் பிறந்த நாள், கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "மூணு நாளைக்கு முந்தி வந்திருந்தா பொங்கச் சோறு கிடைச்சிருக்கும்ய்யா" என்றார். குமுளி ஏறித் தேக்கடியில் படகில் போனேன். யானை பார்க்கத்தான் எல்லாரும் போகிறார்கள். நான் பார்த்தது மரக்கட்டைகளை. தண்ணிக்கு நடுவே கறுப்பாகப் பட்டுப்போன மரங்கள் நிற்கின்றன அல்லவா, அவை 1895-ல் பெரியாறு அணை கட்டித் தண்ணி தேங்கியபோது மூழ்கிய காட்டு மரங்களின் மிச்சம். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே வைகைக்குத் திருப்பினார்கள். அந்தத் தண்ணியில் மதுரை, ராமநாதபுரம் வரைக்கும் நெல் விளைகிறது. அந்தக் காடு அங்கேயே செத்து நின்றுகொண்டிருக்கிறது. இரண்டும் உண்மை.

நாலாம் நாள் போடிக்கு மேலே குரங்கணி. இந்தப் பேரைக் கேட்டதும் மாணவர்களுக்கு என்ன ஞாபகம் வருகிறதோ தெரியாது. 2018 மார்ச் 11-ந் தேதி அங்கே மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். இறந்தவர்கள் 23 பேர். பெரும்பாலும் உங்களைவிடப் பத்து வயது கூடியிருந்தால் அதிகம். இப்போது வனத்துறையே, 2024 அக்டோபரில் ஆரம்பித்த திட்டத்தின்படி, தமிழ்நாட்டில் 40 பாதைகளில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. குரங்கணியும் அதில் ஒன்று. எனக்கு அமைந்தது மூணு இளைஞர்களும் ஒரு வழிகாட்டித் தம்பியும். உள்ளூர்ப் பையன். ஒரு இடத்தில் நின்று எதிர்ச் சரிவைக் காட்டினான். அங்கே ஆளுயரப் புல். "சார், இந்தப் புல்லு இப்போ பச்சை. மாசி பங்குனியில வைக்கோல் மாதிரி ஆயிரும். அப்போ தீப்பிடிச்சா மேல ஓடுற தீயை மனுசன் முந்த முடியாது" என்றான். வெயில் காலத்தில் பாதையை ஏன் மூடுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. திரும்புகிற வழியில், மேலே டாப் ஸ்டேஷனிலிருந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு காலத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கம்பிவடத்தில் தொங்கவிட்டே இறக்கினார்கள் என்றும் சொன்னான். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ரயிலே இருந்தது, 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. மலைக்காரர்களுக்கும் வெள்ளக் கதை உண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது.

ஐந்தாம் நாள் மேகமலை. அழகு. அதற்கு மேல் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, செயலாளரும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. என் மகன் செல்போனிலேயே எடுத்து அனுப்பிவிட்டான். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது மாருதி கொஞ்சம் முனகியது. மலை ஓட்டாதவர்களுக்கு ஒரு வார்த்தை: எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில்தான் இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் பாதி வழியில் கருகிய வாடை வரும், அதற்குப் பிறகு பிரேக் பிடிக்காது.

ஏரியைப் பார்த்தேன். அந்தப் படத்தில் இருந்த இடத்தைத் தேடி ஒரு மணி நேரம் கரையைச் சுற்றினேன். மரம் வளர்ந்துவிட்டது, கடைகள் வந்துவிட்டன, அடையாளம் தெரியவில்லை. இதுவும் கட்டிய ஏரிதான். 1863-ல், மதுரைக் கலெக்டராக இருந்த லெவின்ஜ் என்பவர் ஓடையை மறித்து உண்டாக்கியது. நம் எல்லாருக்கும் சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் அதில் உண்டு. அந்த ஏரியில் விட்ட முதல் படகை அவர் கொண்டுவந்தது நம்ம தூத்துக்குடியிலிருந்து! (கைதட்டல்) நீங்கள் கை தட்டுகிறீர்கள். எனக்கு அங்கே தொண்டை அடைத்துவிட்டது. அறுபது ரூபாய் இல்லாமல் நான் வர முடியாத இடத்துக்கு எங்க ஊர்ப் படகு எனக்கு நூற்றிருபது வருஷம் முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது. அப்போது வண்டிச் சாலை கிடையாது. பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து ஏறுகிற ஒற்றையடிப் பாதைகள்தான். படகை எப்படித்தான் தூக்கிக்கொண்டு ஏறினார்களோ!

அந்த நினைப்புதான் என்னை மாட்டிவிட்டது. பழைய பாதைகளில் ஒன்று வட்டக்கானலுக்குக் கீழே வெள்ளகவி வழியாக இறங்குகிறது. மறுநாள் டால்பின் நோஸ் பாறை வரைக்கும் கூட்டத்தோடு போனேன். எல்லாரும் அங்கே படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். நான் மட்டும் கொஞ்ச தூரம் இறங்கிப் பார்ப்போமே என்று இறங்கினேன். மூணு நாள் முன்னால் குரங்கணியில் அந்தத் தம்பி சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டவன்தான். அனுமதி வாங்கவில்லை. வழிகாட்டி இல்லை. தங்கியிருந்த விடுதியிலும் எங்கே போகிறேன் என்று சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் மூடுபனி வந்தது. கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. திரும்பி ஏறுகிறேன் என்று நினைத்துப் பக்கவாட்டில் போய்விட்டேன். வேர் தடுக்கி விழுந்து முட்டி பிசகியது. செல்போனில் சிக்னல் இல்லை. ஒரு பாறை ஓரம் உட்கார்ந்தேன். மணி இரண்டு, மூன்று, நாலு. குளிர். குரல் கொடுத்தேன், கொஞ்ச நேரத்தில் என் குரலே எனக்குப் பயமாக இருந்தது. ஆறு மணிக்குப் போன் போகாதே என்பதுதான் மனசைப் பிசைந்தது.

நாலரை மணி போலச் சலங்கைச் சத்தம். வெள்ளகவிக்காரர் ஒருவர் அரிசி மூட்டை ஏற்றின இரண்டு குதிரைகளோடு இறங்கி வந்தார். என்னைப் பார்த்துவிட்டு முதலில் அவர் கேட்டது, "கூட வந்தவுக எங்க?" யாரும் இல்லை என்றேன். "ஏன்யா, நாங்களே இந்த நேரத்துல ஒத்தையில வரமாட்டோம், காட்டுமாடு நிக்கும்" என்று நன்றாகத் திட்டினார். ஒரு மூட்டையை இறக்கிப் பாறையடியில் வைத்துவிட்டு, என்னை அந்தக் குதிரை மேல் ஏற்றி, தான் இறங்கி வந்த அவ்வளவு மலையையும் திரும்ப ஏறினார். வட்டக்கானல் சேரும்போது ஏழரை மணி. கையில் காசு கொடுத்தால் வாங்கவில்லை. ரொம்ப வற்புறுத்தின பிறகு, "சரி, குதிரைக்குக் கொள்ளு வாங்கிக்கிடுதேன்" என்று ஐந்நூறு ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு இருட்டில் திரும்பிப் போனார்.

செல்போனில் பதினேழு தவறிய அழைப்புகள். மகன் விடுதிக்குப் பேசியிருக்கிறான். அவர்கள் நாலு பேரை டார்ச் லைட்டோடு அனுப்பியிருக்கிறார்கள், நேர் எதிர்ப் பக்கம். நான் எங்கே போனேன் என்று சொன்னால்தானே தேடுவார்கள்? வீட்டுக்காரி போனை எடுத்தாள். ஒன்றும் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம், "சாப்பிட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான். ஊருக்கு வந்த பிறகு ஒரு வாரம் பேசவில்லை.

இந்நாள் மாணவர்கள் நிறையப் பேர் பைக் எடுத்துக்கொண்டு மலைக்குப் போகிறீர்கள், தெரியும். ரோட்டில் தனியாகப் போங்கள், நானே அடுத்த வருஷமும் போவேன். காட்டுப் பாதையில் தனியாக இறங்காதீர்கள். என் முட்டி இன்னும் படி இறங்கும்போது வலிக்கிறது, அதனால் சொல்கிறேன்.

செயலாளர் எழுந்துவிட்டார். ஒரே ஒரு விண்ணப்பம். கிளம்புவதற்கு முன் ஏரிக்கரையில் ஒரு சோளக்கதிர்க்காரரிடம் செல்போனைக் கொடுத்து என்னைத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னேன். பிரிண்ட் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் ஒரு சட்டம் காலியாக இருக்கிறது. 1983-ல் எடுத்த அந்தக் குழுப்படம் உங்களில் யாரிடமாவது இருந்தால் ஒரு பிரதி போட்டுத் தாருங்கள். படகுத்துறை ஓரம், இடது கோடியில் மப்ளர் கட்டிக்கொண்டு ஒருத்தர் நிற்பார். இதோ, முன் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாரே, அவர்தான். அவரிடம் ஏற்கெனவே கேட்டாயிற்று, அவர் வீட்டிலும் தண்ணி வந்துவிட்டதாம்.