கம்பியும் வலிக்கும், கையும் பழகும்

(தொலைக்காட்சிப் பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம். தலைப்பு: ‘புதிதாக ஒன்றைக் கற்க ஏற்றது இளம் வயதே! எந்த வயதுமே!’ இதில் ‘எந்த வயதுமே’ என்ற அணியில் களியக்காவிளை ஆசிரியை பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரிலே உட்கார்ந்திருந்தாலும் எதிரிகள் அல்லாத எதிரணி நண்பர்களே, அரங்கிலே கூடியிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே பொங்கலைச் சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலே பாதித் தூக்கத்திலே இருக்கிற அன்பு நேயர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னாலே பேசிய அண்ணன் ஒரு பழமொழியைத் தூக்கிப் போட்டார். ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ போட்டுவிட்டு என் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். நடுவர் அவர்களே, அவர் என் வயசைக் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்துபோச்சு. அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஐம்பத்தொன்று. நாற்பத்தொன்பதாவது வயசிலே கிடார் படிக்கப் போனவள் நான். (கைதட்டல்) ரொம்பக் கைதட்டாதீங்க, வாசித்துக் காட்டச் சொல்லிவிடுவார் நடுவர். (சிரிப்பு)

என் ஊர் களியக்காவிளை. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடி. பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கேரளா. எங்க கடைத்தெருவிலே விலையைத் தமிழிலே கேட்டால் பேரத்தை மலையாளத்திலே முடிக்கலாம். 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்னாலே எங்க பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலே இருந்தது. எங்க பெரியவர்களிலே எத்தனையோ பேர் பள்ளிக்கூடத்திலே மலையாளம் படித்தவர்கள். மாவட்டம் இந்தப் பக்கம் சேர்ந்த பிறகு, மீசை நரைத்த வயசிலே அவர்கள் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துப் பழகினார்கள். ‘ஐம்பதிலே வளையாது’ என்று அவர்கள் உட்கார்ந்திருந்தால், வீட்டுக்கு வந்த சர்க்கார் காகிதத்தைப் பேரனிடம் கொடுத்துத்தான் வாசிக்கச் சொல்லியிருக்கணும். அண்ணே, உங்க பழமொழி எங்க ஊர் எல்லையைத் தாண்டி வரவில்லை! (கைதட்டல்)

சரி, கிடாருக்கு வருகிறேன். என் மகன் கல்லூரியிலே படிக்கும்போது ஒரு கிடார் வாங்கினான். பிறகு வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். எங்க மாவட்டத்திலே இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. பிள்ளை அங்கே, பிள்ளையின் சாமான் இங்கே. மூன்று வருஷம் அந்தக் கிடார் அலமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடந்தது. ஒரு நாள் இறக்கித் துடைத்தேன். துடைக்கும்போது கம்பியிலே துணி பட்டு ஒரு சத்தம் வந்தது. அவன் போன பிறகு அந்த வீட்டிலே மிக்சியையும் குக்கரையும் தவிர வேறு சத்தமே கேட்டதில்லை. அடுத்த வாரம் வகுப்பிலே சேர்ந்துவிட்டேன்.

வகுப்பு எங்கே? ஒரு கடைக்கு மேலே மாடியிலே சின்ன அறை. போய் நின்றேன். எட்டு வயசுப் பிள்ளை ஒன்று கேட்டது, “பாட்டி, நீங்க யாரைக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?” (சிரிப்பு) “என்னையேதான் மக்கா கூட்டிட்டு வந்திருக்கேன்” என்றேன். (கைதட்டல்) உள்ளே போனால், சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் யார் தெரியுமா? என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த பையன்! அவன் என்னைப் பார்த்து, “டீச்சர்!” என்று எழுந்து நிற்கிறான். நான் அவனைப் பார்த்து, “சார்!” என்று எழுந்து நிற்கிறேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தால் பாடம் எப்போ நடப்பது? (சிரிப்பு) அடுத்த வாரம் அவன் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி: “டீச்சர், வீட்டுப்பாடம் செஞ்சிட்டு வந்தீங்களா?” இருபத்தாறு வருஷமா நான் கேட்ட கேள்வி, வட்டியோடு திரும்பி வந்தது! (பலத்த சிரிப்பு)

நடுவர் அவர்களே, கிடாருக்கு ஆறு கம்பி. இடது கை விரல் நுனியாலே கம்பியை அமுக்கணும், வலது கையாலே மீட்டணும். கேட்க லேசு. எஃகுக் கம்பி விரலிலே பதிந்தால் அரிவாள்மணையிலே பட்டது மாதிரி எரியும். சாம்பாருக்குப் புளி கரைத்தால் உயிர் போகும். சில வாரம் பொறுத்தால் தோல் காய்த்துவிடும், வலி போய்விடும். அது எட்டு வயசுக்கும் அப்படித்தான், எண்பது வயசுக்கும் அப்படித்தான். கம்பி யாருடைய பிறந்த தேதிச் சான்றிதழையும் கேட்பதில்லை. (கைதட்டல்)

அப்புறம் ‘எஃப்’ என்று ஒரு கார்டு வரும். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து அமுக்கி, மற்ற விரல்களைத் தனித்தனியா வைக்கணும். நான் முதல் தடவை அதை வாசித்தபோது என் வீட்டுக்காரர் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்த்து, “பூனை எங்கேயோ மாட்டிக்கிட்டிருக்கு, கொஞ்சம் பாரு” என்றார். (பலத்த சிரிப்பு)

வீட்டிலே உள்ளவர்கள் சத்தம் தாங்க மாட்டார்களே என்று யோசிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவிலே வெஸ் மான்ட்கோமரி என்று ஒரு ஜாஸ் கலைஞர், 1923-ல் பிறந்தவர். ஆறு கம்பிக் கிடாரை இருபது வயசை ஒட்டித்தான் பிடித்தார். பகலிலே தொழிற்சாலை வேலை, ராத்திரியிலே இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுப் பயிற்சி. அக்கம்பக்கத்திலே சத்தம் தாங்கவில்லை. அதனாலே பிக் என்கிற மீட்டுகருவியை வைத்துவிட்டுக் கட்டைவிரலாலே மெதுவா மீட்டினார் என்று சொல்வார்கள். அந்தக் கட்டைவிரல் நாதம்தான் பிற்பாடு அவருக்கு உலகப் புகழைக் கொடுத்தது. ஆகவே, என் வீட்டுக்காரரும் என் புகழுக்கு உதவி செய்துகொண்டிருக்கிறார். அவருக்குத்தான் தெரியவில்லை. (சிரிப்பு)

எதிரணியிலே தங்கச்சி ஒருத்தர் விஞ்ஞானம் பேசினார். சின்ன வயசிலே மூளை இளக்கமா இருக்கும், பிறகு இறுகிவிடும் என்றார். அதிலே உண்மை இருக்கிறது. நான் மறுக்கவில்லை. பிள்ளைகள் ஒரு மொழியைத் தாய்மொழிக்காரர் மாதிரியே உச்சரிக்கப் பழகுவார்கள், நமக்கு நாக்கு திரும்பாது. ஆனால் விஞ்ஞானம் அதோடு நின்றுவிட்டதா? அமெரிக்காவிலே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலே எரிக் நட்சன் என்ற விஞ்ஞானி கூகைகளை வைத்து ஆராய்ச்சி செய்தார். கூகைக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்! (சிரிப்பு) சிரிக்காதீங்க, உண்மை. அந்தக் கண்ணாடி வழியாப் பார்த்தால் எல்லாம் ஒரு பக்கமா நகர்ந்து தெரியும். குஞ்சுக் கூகைகள் அதற்கு ஏற்ப மூளையை மாற்றிக்கொண்டன. வளர்ந்த கூகைகளுக்கு அப்படி ஒரேயடியா மாற முடியவில்லை. ‘பார்த்தீங்களா, நாங்க சொன்னோமே’ என்பீர்கள். பொறுங்க! 2002-ல் அவர் குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. வளர்ந்த கூகைகளுக்கு அந்த மாற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமா, படிப்படியாக் கொடுத்தார்கள். இப்போது அவையும் நல்லாவே கற்றுக்கொண்டன! (கைதட்டல்)

அண்ணே, உங்க பழமொழிக்குப் பதில் அந்தக் கூகை சொல்லிவிட்டது. ஐம்பதிலும் வளையும். ஒரேயடியா வளைத்தால்தான் ஒடியும். அதனாலேதான் என் வாத்தியார் தம்பி சொன்னான், “டீச்சர், ஞாயிற்றுக்கிழமை மொத்தமா இரண்டு மணி நேரம் வேண்டாம். தினம் கால் மணி நேரம் போதும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாற்றம், ‘ஜி’யிலிருந்து ‘சி’க்கு. அவ்வளவுதான்.” ராத்திரி அடுக்களை வேலை முடிந்து கால் மணி நேரம். மூன்று மாதத்திலே மூன்று கார்டு. மூன்று கார்டு கையிலே இருந்தால் எத்தனையோ பாட்டுக்குத் துணை வாசிக்கலாம், நடுவர் அவர்களே.

நியூயார்க் பல்கலைக்கழகத்திலே கேரி மார்கஸ் என்று ஒரு மனோதத்துவப் பேராசிரியர் இருந்தார். தாளமே பிடிபடாதவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டவர். அவர் நாற்பது வயசை நெருங்கும்போது கிடாரைக் கையிலே எடுத்தார். அந்த அனுபவத்தை வைத்து, மூளை எப்படிக் கற்கிறது என்று 2012-ல் ‘கிடார் ஜீரோ’ என்று ஒரு புத்தகமே எழுதினார். அவர் பெரிய வித்வான் ஆகிவிடவில்லை. ஆனால் வாசித்தார்.

வெளிநாடு எதற்கு? நம்ம பண்ணைப்புரத்துக்கு வாங்க. இளையராஜா 1943-ல் பிறந்தவர். அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராப் போய் ஆர்மோனியம் வாசித்தவர். 1968-ல் சென்னைக்கு வந்தபோது அவருக்கு இருபத்தைந்து வயசு. ‘அது இளமைதானே’ என்று எதிரணி துள்ளும். சங்கீத உலகத்திலே ஐந்து வயசிலே ஆரம்பிக்கணும் என்று இதே மேடையிலே சற்று முன்னாலே சொன்னவர்கள் நீங்கள்தான்! (கைதட்டல்) கச்சேரி மேடையிலே பல வருஷம் வாசித்துக் கைதட்டு வாங்கிய ஒருவர், தன்ராஜ் மாஸ்டரிடம் போய், மேற்கத்திய இசைக் குறிப்பை முதல் எழுத்திலிருந்து படித்தார். கிளாசிகல் கிடார் படித்து, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரித் தேர்விலே தேறினார். 1976-ல் ‘அன்னக்கிளி’ வந்தது. 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்திலே ‘இளைய நிலா’ பாட்டுக்குக் கிடார் ஒலித்ததே, அதைக் கேட்டுக் கிடார் வாங்கின பையன்கள் எத்தனை பேர்! அதோடு நின்றாரா? 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனிலே, ராயல் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவை வைத்துத் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அப்போது வயசு எண்பத்தொன்று! (பலத்த கைதட்டல்)

‘அவர் மேதை, நீங்க யாரு?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவருடைய மேதைமை எனக்கு வராது. ஆனால் தொழில் தெரிந்த மனுஷன் மறுபடி மாணவனாத் தரையிலே உட்கார்ந்தாரே, அந்த உட்காருதல் எனக்கும் வரும், உங்களுக்கும் வரும். அதற்கு மேதைமை தேவையில்லை. கொஞ்சம் வெட்கத்தை விடணும், அவ்வளவுதான்.

பெரியவர்கள் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை என்பதையும் சொல்லணும். என்னோடு ஒரு அண்ணன் படிக்கிறார். ரப்பர் பால் வெட்டுகிற தொழிலாளி. விடியும் முன்னே நெற்றியிலே விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர். பட்டையை மெல்லிசாச் சீவணும். மேலோட்டமாச் சீவினால் பால் வராது. ஆழமாப் போனால் மரத்துக்குக் காயம். கிடாரிலும் அதேதான். லேசாத் தொட்டால் கம்பி கரகரக்கும், ரொம்ப அமுக்கினால் சுதி விலகும். தம்பி இதைச் சொன்னதும், அந்த எட்டு வயசுப் பிள்ளை முழித்தது. அண்ணன் சொன்னார், “ஓ, பால் வெட்டு மாதிரி!” அன்றைக்கே சரியா அமுக்கினார். இருபது வருஷத் தோட்டத்து வேலை அவர் விரலுக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருந்தது. தையல் தெரிந்தவருக்குக் கையிலே நிதானம் இருக்கும். பிள்ளை வளர்த்தவளுக்குப் பொறுமை இருக்கும். இதெல்லாம் எட்டு வயசுக்குக் கிடைக்குமா, அண்ணே? (கைதட்டல்)

என்னைக் கேட்டால், நான் பெற்றது இன்னொன்று. பாடம் பிடிபடாத பிள்ளை கடைசி பெஞ்சிலே உட்கார்ந்திருக்குமே, அதன் நெஞ்சு எப்படி அடிக்கும் என்று எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ‘எஃப்’ கார்டு சொல்லித் தந்தது. பக்கத்திலே எட்டு வயசு சரளமா வாசிக்க, என் விரல் மட்டும் நகராமல் நின்றதே, அந்த நேரம் அந்தத் தம்பி சொன்னான்: “டீச்சர், அவசரமே இல்லை. இன்னொரு தடவை.” இந்த ஒரு வாக்கியத்தை இப்போது என் வகுப்பறைக்குள்ளே எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன். (கைதட்டல்)

தாய்மார்களே, உங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. நம்ம வீடுகளிலே ஒரு வழக்கம். பிள்ளைக்குப் பாட்டு வகுப்பு, பிள்ளைக்கு நீச்சல் வகுப்பு. அம்மாவுக்கு? வெளியே செருப்புக்குக் காவல். (சிரிப்பு) ‘இந்த வயசிலே எதுக்கு?’ என்று ஊர் கேட்கும். 1990-களின் தொடக்கத்திலே புதுக்கோட்டை மாவட்டத்திலே அறிவொளி இயக்கம் நடந்தது. எழுத்துப் படிக்க வந்த பெண்கள் சைக்கிளும் படித்தார்கள். கல் உடைக்கிற பெண்கள், வயல் வேலை செய்கிற பெண்கள், பிள்ளை பெற்ற தாய்மார்கள்! ஊர் சிரித்தது. விழுந்தார்கள், எழுந்தார்கள், ஓட்டினார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேலே. பஸ்ஸுக்குக் காத்திராமல் சந்தைக்கும் தண்ணிக்கும் தாங்களே போனார்கள். ‘ஐந்து வயசிலே படிக்காத சைக்கிள்’ என்று அவர்கள் வீட்டிலேயே இருந்திருந்தால், இன்றைக்கும் இடுப்பிலே குடத்தோடு நடந்துகொண்டிருப்பார்கள். (பலத்த கைதட்டல்)

நடுவர் அவர்களே, இளம் வயசிலே கற்பது நல்லதுதான். அது கிடைத்தவர்களுக்கு வாழ்த்துகள். கிடைக்காதவர்கள் என்ன செய்வது? பணமில்லாமல் படிப்பை விட்டவர்கள், தம்பி தங்கச்சிக்காக வேலைக்குப் போனவர்கள், கல்யாணம் என்று கையைப் பிடித்துக் கொடுத்துவிட்டதாலே பாட்டை நிறுத்தினவர்கள். இவர்களைப் பார்த்து, ‘உங்க காலம் போச்சு’ என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு மனசு வருமா? அவர்களும் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை நினைத்து, எந்த வயதும் கற்கும் வயதே என்று தீர்ப்பளிக்க வேண்டுமாய்க் கேட்டு அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)